சேரியையும் சேரியையும் இணைத்த கண்ணி



சமூகத்தை வெறும் மனிதர்களின் கூட்டமாகப் பார்த்தால் சாதி பிடிபடாது. யார் யாரிடம் கடன் கேட்கிறார், யார் வீட்டில் பெண் எடுக்கிறார், யாருக்காக யார் சாட்சி சொல்கிறார் என்ற கண்ணிகளைப் பிடித்துக்கொண்டு போனால்தான் அது தெரியும். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அண்ணல் அம்பேத்கர் சாதியின் சாரம் அகமணமே என்று நிறுவினார். சமூகவியல் மொழியில் சொன்னால், சாதி ஒரு மூடிய வலைப்பின்னல்.

ஆனால் அந்த மூடல் எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. கீழத்தஞ்சையைப் பார்ப்போம். மிராசுதாரின் உறவுகள் அடுத்த ஊர் மிராசுதார், காவல் நிலையம், வக்கீல் என்று ஊரைத் தாண்டிப் போயின. பண்ணையாளுக்கோ கூலி, கடன், குடிசை நின்ற மண் மூன்றும் ஒரே பண்ணையில் போய் முடிந்தன.

பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் 1940களில் கட்டத் தொடங்கிய சங்கம் சேரியையும் சேரியையும் இணைத்தது. ஓர் ஊரில் கேட்ட கூலிக்குப் பல ஊர்கள் துணை நின்றன. மிராசுதார்கள் தமக்கென நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்ததும், செங்கொடியை இறக்கச் சொன்னதும், வெளியூர் ஆட்களை அறுவடைக்கு இறக்கியதும் இந்தக் கண்ணியை அறுக்கத்தான். கூலி உயர்வைவிட இதுவே அவர்களை அச்சுறுத்தியது.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பின்னர் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் பணக்காரர்கள் தாமே நேரில் வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை அது நம்பவில்லை. நம்மவர்களின் சாட்சியத்தைவிட அவர்களின் அந்தஸ்து கனமாக நின்றது.

ஆகவே, நெருக்கடி திடீரென்று வருவதில்லை. மூடிய வலையைத் தாண்டி ஒரு கை இன்னொரு கையைத் தொடும் இடத்தில் அது வெடிக்கிறது. சாதி மறுப்பு மணம் செய்துகொண்டவர்கள் மீது விழும் அரிவாளும் அங்கேதான் விழுகிறது.

இப்போது கேள்வி நம்மை நோக்கி. வன்கொடுமை நடந்த ஊருக்கு நாம் உண்மை அறியும் குழுவாகப் போகிறோம், அறிக்கை தருகிறோம், திரும்பி வருகிறோம். பள்ளர் தெரு, பறையர் தெரு, அருந்ததியர் தெரு மூன்றுக்கும் இடையே அன்றாட உறவு எத்தனை ஊர்களில் இருக்கிறது? சங்கங்கள் தனி, கோயில் தனி, பெண் கொடுப்பதும் எடுப்பதும் தனி என்றால், ஆதிக்கச் சாதிகள் பிரிக்க வேண்டிய வேலையே இல்லை.

ஊர்க்கட்டுப்பாடு போட்டு ஒரு தெருவுக்கு அரிசி மறுத்தால், அன்று மாலையே மற்ற இரண்டு தெருக்களிலிருந்தும் அரிசி வர வேண்டும். அந்த உறவைத் தீ வைத்த பிறகு கட்ட முடியாது. சண்டை இல்லாத நாட்களில்தான் கட்ட முடியும். நினைவு நாள் நமக்குத் தரும் வேலை அதுதான்.