கடும் பனிக்குப் பின் ஒரு மான் வேட்டை

பனிக்காலம் என்று சொன்னால் நமக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றுவதில்லை. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமாக இருக்கும் நாட்டில் வாழ்கிறோம். விடியற்காலையில் பால்மரக் காட்டில் கொஞ்சம் குளிர் தெரியும்; அதற்கே தலையில் துண்டைச் சுற்றிக்கொள்கிறோம். ஆனால் உலகில் சில இடங்களில் பனிக்காலம் என்பது உயிருக்கும் சாவுக்கும் நடுவே நிற்கும் காலம். அப்படிப்பட்ட ஓர் இடத்தையும், அங்கே வாழும் ஒரு மானையும், கொடிய பனி ஒன்று வந்து போன பிறகு அந்த மானை வேட்டையாட நினைக்கும் குடும்பம் என்னென்ன யோசிக்க வேண்டும் என்பதையும் இன்று பார்ப்போம்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வயோமிங் என்றொரு மாநிலம் இருக்கிறது. அந்நாட்டின் 50 மாநிலங்களில் மக்கள் தொகை மிகக் குறைந்தது அதுதான். மனிதர் குறைவு, மலையும் மேட்டு வெளியும் அதிகம். அங்கே வாழ்வது மியூல் மான். மியூல் என்றால் கோவேறு கழுதை. அந்தக் கழுதையின் காதைப் போல நீண்டு அகன்ற காது இருப்பதால் மானுக்கு அந்தப் பெயர் வந்தது. மிரண்டால் நான்கு கால்களையும் ஒன்றாக ஊன்றிப் பந்து போலத் துள்ளித் துள்ளி ஓடும். கலைமானின் கொம்பு இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் மறுபடி இரண்டாகப் பிரியும். ஆண்டுதோறும் அந்தக் கொம்பு விழுந்து புதிதாக முளைக்கும்.

அந்த ஊர்களில் மான் வேட்டை ஒரு பருவ வழக்கம். அரசாங்கத்திடம் உரிமம் வாங்கி, குறித்த நாளில், குறித்த எல்லைக்குள்தான் வேட்டையாடலாம். வளர்ந்த கலைமான் ஒன்றில் ஏறக்குறைய 30 கிலோ எலும்பில்லாத இறைச்சி கிடைக்கும். அதைப் பதப்படுத்தி வைத்துப் பல மாதம் சாப்பிடும் குடும்பங்கள் உண்டு. தகப்பன் மகனையும் மகளையும் அழைத்துக்கொண்டு மலையேறுவதும் உண்டு. ஆகவே அதை வெறும் விளையாட்டு என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

இனி, பனி அந்த மானை என்ன செய்கிறது என்று பார்ப்போம். கோடையில் மான்கள் உயர்ந்த மலைகளில் பசுந்தழை தின்று கொழுக்கின்றன. குளிர் தொடங்கியதும் தாழ்ந்த வெளிகளுக்கு இறங்கி வருகின்றன. அம்மாநிலத்து மான் கூட்டம் ஒன்று ஏறக்குறைய 240 கிலோமீட்டர் நடந்து குளிர்கால இடத்துக்கும் கோடைக்கால இடத்துக்கும் போய் வருகிறது என்பதை, கழுத்துப்பட்டைக் கருவி மாட்டி ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். குளிர்காலத்தில் அவற்றுக்குக் கிடைப்பது சேஜ் என்னும் கசப்புப் புதரின் இலையும் குச்சியுந்தான். அதில் சத்து குறைவு. கோடையில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்துத்தான் மான் உயிர் வாழ்கிறது. சேமிப்புக் கணக்கில் பணம் போடாமல், எடுத்து எடுத்துச் செலவு செய்வது போன்ற நிலைமை அது.

வழக்கமான பனியாக இருந்தால் சேமிப்பு வசந்தம் வரைக்கும் தாங்கும். பனி ஆழமாக விழுந்து, மேலே கெட்டித்துப்போய், பல வாரம் கரையாமல் கிடந்தால் தாங்காது. ஒவ்வோர் அடிக்கும் கால் புதைகிறது. நடப்பதற்கே உடம்பின் கொழுப்பு செலவாகிறது. புதர்களும் பனிக்குள் மூழ்கிப் போகின்றன. முதலில் சாவது அந்த ஆண்டுக் குட்டிகள். அவற்றின் உடம்பு சிறியது, சேமிப்பும் சிறியது. நவம்பர் மாதத்தில் இணை தேடி ஓடி, சரியாகத் தின்னாமல் இளைத்துப்போன கலைமான்களும் தப்புவது கடினம்.

2022-ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கி 2023 வசந்தம் வரை நீடித்த பனிக்காலம் அப்படிப்பட்டது. வயோமிங் மலைத்தொடர் என்னும் பகுதியில், கழுத்துப்பட்டை மாட்டிக் கண்காணித்த குட்டிகளில் ஏறக்குறைய எல்லாமே இறந்தன. வளர்ந்த பெண் மான்களிலும் பாதிக்கு மேல் மாண்டன. பக்கத்து மாநிலமான யூட்டாவிலும் அந்த ஆண்டு பனி அளவு பழைய கணக்குகளையெல்லாம் மிஞ்சியது.

இதைக் கேட்டதும், "ஐயா, பசித்த மானுக்கு வைக்கோலோ சோளமோ போட்டால் பிழைக்காதா?" என்று நம்மில் ஒருவர் கேட்கலாம். நல்ல மனத்தோடு கேட்கும் கேள்விதான். ஆனால் மானும் மாட்டைப் போல அசைபோடும் பிராணி. அதன் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள்தாம் தீனியைச் செரிக்க வைக்கின்றன. புதர்க் குச்சிக்குப் பழகிய நுண்ணுயிர்கள் திடீரென்று வந்த சோளத்தை ஏற்பதில்லை. வயிறு புளித்துப் போகிறது. வயிறு நிறையத் தின்றும் மான் செத்து விழுகிறது. மேலும், ஒரே இடத்தில் தீனி போட்டால் மான்கள் கூட்டமாகச் சேர்ந்து நோயும் பரவும். ஆகவே சில அவசர வேளைகளில், தகுந்த தீனியைக் கொண்டு, அதிகாரிகள் செய்வதைத் தவிர, பொதுமக்கள் தீனி போட வேண்டாம் என்றே சொல்கிறார்கள்.

மக்கள் செய்யக்கூடிய உதவி வேறு. மானைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதே அது. இளைத்த மானை ஒருமுறை மிரட்டி ஓட விட்டாலும், அதன் மிச்சச் சேமிப்பில் ஒரு பங்கு போய்விடும். அங்கே விழுந்த கொம்புகளைத் தேடிப் பொறுக்குவது பலருக்கு ஆசை. அதற்கு விலையும் உண்டு. 2023-இல் யூட்டா மாநிலம் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் முடியும்வரை கொம்பு பொறுக்குவதையே நிறுத்தி வைத்தது. வயோமிங்கும் வழக்கமான நாளைத் தள்ளி வைத்தது. ஆக, வேட்டைக்காரர் திட்டத்தின் முதல் படி, வசந்தம் முடியும்வரை மான் இருக்கும் இடத்துக்குப் போகாமல் வீட்டில் இருப்பதாகும்.

இரண்டாவது படி, கணக்குக் கேட்பது. எங்கே எத்தனை மான் மிஞ்சியது, குட்டிகள் எத்தனை, கலைமான்கள் எத்தனை என்று வனவிலங்குத் துறையினர் வானிலிருந்தும் தரையிலிருந்தும் எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கின்படிதான் உரிமங்களைக் குறைக்கிறார்கள். முதலில் நிறுத்துவது பெண் மான் வேட்டையை. காரணம் தெளிவானது. ஒரு கலைமான் பல பெண் மான்களோடு சேரும். ஆனால் ஒவ்வொரு பெண் மானும் ஜூன் மாதவாக்கில் ஒன்றோ இரண்டோ குட்டிதான் போடும். கலை ஒன்று குறைந்தால் அடுத்த ஆண்டுக் குட்டிக் கணக்கு அதிகம் மாறாது. தாய் ஒன்று குறைந்தால், அவள் வயிற்றில் வரவேண்டிய குட்டிகளும் குறைந்து போகும்.

மூன்றாவது படி, எந்த வயது மான் காணாமல் போயிற்று என்று யோசிப்பது. ஒரு பள்ளிக்கூடத்தில் ஓர் ஆண்டு முதல் வகுப்பில் பிள்ளைகளே சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு இரண்டாம் வகுப்பு காலி. அதற்கடுத்த ஆண்டு மூன்றாம் வகுப்பு காலி. அந்த வெற்றிடம் ஆண்டுக்கு ஒரு படியாக மேலே ஏறிப் போகும். மான் கூட்டத்திலும் அப்படித்தான். 2022-இல் பிறந்த குட்டிகள் மாண்டதால், 2023-இல் இளங்கலைகள் அரிதாயின. முழு வளர்ச்சியடைந்த கலைமான் நான்கைந்து வயதுடையது. ஆகவே அந்த இழப்பு 2026, 2027 வரையிலும் தொடர்ந்து வரக்கூடியது. "பனி உருகிவிட்டது, இனி எல்லாம் சரி" என்று நினைப்பவர் இந்தக் கணக்கை மறந்தவர்.

நான்காவது படி, இடத்தைத் தேர்ந்தெடுப்பது. ஒரு மலைப்பக்கம் மோசமாக அடிபட்டிருந்தாலும், 100 கிலோமீட்டருக்கு அப்பால் பனி குறைவாக விழுந்திருக்கலாம். அடிபட்ட இடத்துக்கு ஓய்வு கொடுத்து வேறு பகுதிக்கு விண்ணப்பம் செய்வது ஒரு வழி. அந்த ஆண்டு உரிமமே கேட்காமல் விட்டுவிடுவது மற்றொரு வழி. நம் பால்மரம் இலையுதிர்த்துப் புதுத்தளிர் விடும் மாதங்களில் பால் குறைவதை நாம் அறிவோம். அப்போது அவசரப்பட்டு ஆழமாக வெட்டினால் பட்டை காயப்பட்டுப் பல ஆண்டு நஷ்டமாகும். மரத்துக்கு ஓய்வு கொடுக்கத் தெரிந்த நமக்கு, மானுக்கு ஓய்வு கொடுப்பதன் பொருள் எளிதில் விளங்கும்.

போவதென்றே முடிவானால், கோடையில் ஒருமுறை போய்ப் பார்த்து வருவது நல்லது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கலைமான்கள் உயர்ந்த மலைச்சரிவுகளில் மேயும். விடியற்காலையிலும் அந்தி வேளையிலும் தூரத்தில் அமர்ந்து தொலைநோக்குக் கண்ணாடியால் பார்த்தால் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று தெரியும். இங்கே ஒரு நல்ல செய்தியும் உண்டு. அவ்வளவு பனி உருகிய ஈரத்தால் அந்தக் கோடையில் தழை செழிக்கும். தின்ன வாய் குறைவு, தீனி அதிகம். ஆகவே பிழைத்த மான்கள் நன்றாகக் கொழுக்கும். கொழுத்த தாய் அடுத்த ஆண்டு வலுவான குட்டிகளைப் போடும். கூட்டம் மீண்டும் பெருகுவதற்கு இயற்கை இப்படி ஒரு கதவைத் திறந்து வைக்கிறது. அந்தக் கதவை மனிதர் அடைக்காமல் இருக்க வேண்டும்.

வேட்டை நாளில் அணியும் உடை, வழி காட்டும் வரைபடம், மாற்று உடுப்பு, தீப்பெட்டி எல்லாம் ஆயத்தமாக இருக்க வேண்டும். ஆரஞ்சு போன்ற பளிச்சென்ற நிறம் அணிவது சட்டம். ஒருவரை ஒருவர் மான் என்று எண்ணிச் சுட்டுவிடாமல் இருப்பதற்காக. எல்லாவற்றுக்கும் மேலாக, எதைச் சுடுவது, எதை விடுவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். மான் கண்ணெதிரில் நிற்கும்போது முடிவு செய்யப் போனால் ஆசைதான் வெல்லும். இளங்கலையை விட்டுவிடுவது, தெளிவாகத் தெரியாத தூரத்தில் சுடாமல் இருப்பது, காயப்பட்டதைத் தேடிப் பிடிக்காமல் வீடு திரும்பாதது, இவை முறையான வேட்டைக்காரரின் ஒழுக்கம். காயத்தோடு ஓடிச் செத்த மானும் கூட்டத்துக்கு இழப்புத்தான்.

இறைச்சி கிடைத்தால் உடனே தோலுரித்துக் குளிர வைக்க வேண்டும். அந்த மான்களிடையே மெலிவு நோய் ஒன்று பரவியிருக்கிறது. 1967-இல் கொலராடோ மாநிலத்தில் முதலில் கவனிக்கப்பட்டது. அது மனிதரைத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை. ஆயினும் நோய் கண்ட மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்று சுகாதாரத் துறையினர் கூறுகிறார்கள். ஆகவே கழுத்துப் பகுதித் திசுவைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்தபின் சமைப்பது நல்லது.

நேயர்களே, வெறுங்கையோடு மலையிறங்கும் தகப்பனை நினைத்துப் பாருங்கள். மகன் முகம் வாடியிருக்கும். "ஒரு கலை நின்றதே, ஏன் சுடவில்லை?" என்று கேட்பான். "அது சின்னது. அடுத்த வருஷமும் நாம் வரவேண்டும் அல்லவா?" என்று தகப்பன் சொல்வான். அந்தக் குடும்பத்துக்கு அந்த ஆண்டு 30 கிலோ இறைச்சி நஷ்டந்தான். ஆனால் அந்தப் பையன் வளர்ந்து தன் பிள்ளையை அழைத்துக்கொண்டு அதே மலையில் ஏறும்போது, அங்கே மான் இருக்கும்.

கெட்ட காலம் யாருக்கும் வரும். வந்து போன பிறகு, மிச்சம் இருப்பதை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் பின்வரும் காலம் இருக்கிறது. இது மலைநாட்டு வேட்டைக்காரருக்கு மட்டும் உரிய பாடமா, நமக்கும் உரியதா என்பதை நீங்களே வீட்டில் பேசிப் பாருங்கள்.