பொய்ப்பெயர் பூண்ட போர் ஊர்தி
(அடி அண்ணாமலையில் ஆற்றப்பெற்ற உரை)



அண்ணாமலையை வலம்வரும் வழியிலே குளங்கள் பல உள்ளன. குளம், ஏரி, கேணி, ஊருணி, ஏந்தல், தாங்கல் என நீர்நிலைகளை வகைபிரித்துப் பெயரிட்டவன் தமிழன். ஆண்ட ஆங்கிலனோ அனைத்தையும் ‘டாங்கு’ என்னும் ஒரே சொல்லில் அடைத்தான். அச்சொல்லும் அவன் முதுசொம் அன்று. மேலைக் கடற்கரை மொழிகளிலிருந்தும் போர்த்துகீசியத்திலிருந்தும் பெற்றது என்பர் சொல்லாய்வாளர். நீர்நிலையைக் குறித்த அச்சொல் நெருப்பு உமிழும் போர் ஊர்திக்குப் பெயரானது எவ்வாறு?

1914ஆம் ஆண்டின் இறுதியில், முதல் உலகப்போரின் மேலைக் களத்தில் இருதிறப் படைகளும் அகழிகளுள் முடங்கின. முள்வேலியும் பொறித் துமுக்கியும் எழுந்தவரையெல்லாம் வீழ்த்தின. 1915 பிப்பிரவரியில், பிரித்தானியக் கடற்படை அமைச்சர் சர்ச்சில் ‘நிலக்கப்பல் குழு’ ஒன்றை அமைத்தார். அமெரிக்க உழவர்தம் இழுவைப் பொறிகளில் ஓடிய சங்கிலிப் பட்டை புதிய ஊர்திக்கு வழிகாட்டியது. இலிங்கன் நகரத் தொழிற்சாலையில் திரித்தனும் வில்சனும் அதனை உருவாக்கினர். பகைவர் அறியாதிருக்க, ‘நீர்த்தொட்டி’ செய்வதாகவே பரப்பினர். அப்பொய்ப் பெயரே நிலைத்துவிட்டது.

1916 செபுதம்பர் 15 அன்று சோம் களத்தில் அவ்வூர்திகள் முதன்முதலாகப் போரில் இறங்கின. இருந்தவை 49; தாக்குதலுக்குப் புறப்பட்டவை 32. எடை ஏறத்தாழ 28 தொன், உள்ளே எண்மர், விரைவோ மணிக்கு ஆறு கிலோமீட்டர். பல இடைவழியிலேயே பழுதுற்றன. 1917 நவம்பர் 20 அன்று காம்பிரேயில் 470க்கு மேற்பட்டவை ஒருங்கே சென்று செருமானியர் அரணைப் பிளந்தன. ஆயினும், பத்தே நாளில் செருமானியர் திருப்பித் தாக்கி, இழந்த நிலத்தில் பெரும்பகுதியை மீட்டனர்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1961இல் விக்கர்சு என்னும் பிரித்தானிய நிறுவனத்தோடு இந்திய அரசு உடன்பாடு செய்தது. அதன் பயனாக, சென்னையை அடுத்த ஆவடியில் 1965ஆம் ஆண்டின் இறுதியில் முதல் ஊர்தி வெளிவந்தது. அதற்கு இட்ட பெயர் ‘விசயந்தா’. உருசிய வடிவமைப்பில் அங்கே செய்யப்பட்டவை ‘அசேயா’, ‘பீசுமா’ எனப்பட்டன. 1974இல் ஒப்புதல் பெற்று ஆவடி ஆய்வு நிறுவனத்திலேயே உருவானதும் ‘அருச்சுன்’ ஆயிற்று. செய்த இடம் தமிழ்நிலம். வியர்வை சிந்திய கைகளுள் தமிழர் கைகள் எத்தனை! பெயரோ ஒன்றேனும் தமிழில் இல்லை.

பெயரிடும் ஆற்றல் தமிழுக்கு இல்லையா? மதுரை மதில்மேல் நின்ற போர்ப்பொறிகளை ஒவ்வொன்றாகப் பெயர்சொல்லி அடுக்குகிறது சிலப்பதிகாரம். தகர்ப்பது ‘தகரி’ எனத் தமிழில் இன்று எழுதுவாரும் உளர். டகரம் சொல்முதலில் வாராத தமிழுக்கு ‘டாங்கி’ எதற்கு? ‘பீரங்கி வண்டி’ எதற்கு? பீரங்கியும் அயற்சொல்லே.

போர்வெறி தமிழர்க்கு வேண்டுவதன்று, பொறியறிவு வேண்டும். ஆங்கிலன் பகைவனை ஏய்க்கப் பொய்ப்பெயர் இட்டான். தமிழனோ, பிறர் இட்ட பெயரைச் சுமந்து தன்னையே ஏய்த்துக் கொள்கிறான். பட்டறையிலும் பயிற்சிப் பள்ளியிலும் கருவியின் பெயர், உறுப்பின் பெயர், இயக்கத்தின் பெயர் யாவும் தமிழில் ஒலிக்கட்டும். செய்யும் கை தமிழன் கையாயின், அழைக்கும் சொல்லும் தமிழாகுக!