நம்ம பனியன் வேஸ்ட்டும் கடற்கரைப் படகும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



வேலம்பாளையத்துக்கும் படகுக்கும் என்னங்க சம்பந்தம்னு கேட்பீங்க. கடல் நமக்குத் தூரம்தான். ஆனால் நம்ம கட்டிங் டேபிளுக்குக் கீழே விழுகிற துணி, துடைக்கிற துணியா ஒர்க்ஷாப்புக்கும் பெயின்ட் வேலைக்கும் போகுது. படகு வேலைக்கும் அதே துணிதான் வேணும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக்கூடாது. 2017க்கு முன்னால் இது 45 நாளாக இருந்தது. காசிமேடு, நாகப்பட்டினம், ராமேஸ்வரம், தூத்துக்குடின்னு எல்லாப் பக்கமும் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும் பெயின்ட் அடிப்பதும் இந்த நாட்களில்தான். வருமானம் இல்லாத ரெண்டு மாசத்தில் கடன் வாங்கிச் செய்கிற செலவு அது. கடன்னா என்னன்னு நமக்குத் தெரியாதா?

பைபர் படகுக்கு மேலே மினுமினுப்பான ஒரு பூச்சு இருக்கும். அது ஆழமாகக் கீறினால் தண்ணீர் உள்ளே இறங்கும். நாம கட்டுகிற மூட்டையில் ஒரே ஒரு பட்டனோ ஜிப்போ கிடந்தால் போதும், கீறல் விழும். அதனால பட்டன், ஜிப், எலாஸ்டிக், பிரிண்ட் அடிச்ச துண்டு எல்லாத்தையும் முதல்லயே ஒதுக்கிடுங்க. கலர் துணியை வெள்ளையோட கலக்க வேண்டாம். தின்னர் பட்டால் சாயம் இறங்கும். பாலியஸ்டர் உறிஞ்சாது, அதையும் தனியா வையுங்க.

சாப்ட்னர் விஷயம்தான் நம்மில் பலருக்குப் புதுசு. துணி மெதுமெதுன்னு இருக்கணும்னு சாயப்பட்டறையில் கடைசியாகச் சிலிக்கான் போடுறாங்க இல்லையா? அது படகில் ஒட்டிக்கிட்டால் மேலே அடிக்கிற பெயின்ட் பிடிக்காமல் குழி குழியாக விலகும். தொட்டால் வழுக்குகிற துணி சட்டைக்கு அழகு, பெயின்ட்டுக்கு ஆகாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்க. முத்தாக நின்றால் வேண்டாம். உடனே உறிஞ்சினாலும், சாப்ட்னர் போட்டதான்னு துணி வாங்குகிற இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. அப்படிப்பட்ட துணியை என்ஜின் துடைக்கக் கொடுக்கலாம், வீணாகாது.

கனமான ப்ளீஸ் துண்டுகளுக்கும் வேலை இருக்கு. படகில் சாய்க்கிற ஏணியின் நுனியில் சுற்றிக் கட்டினால் பலகையும் பூச்சும் அடிபடாது. வேலை நடக்கிறப்போ மேல்தளத்தில் விரிக்கவும் ஆகும்.

மூட்டையோட ஒரு சீட்டும் வைப்போம். உப்புத்தாள் போட்ட தூசியைத் துடைத்த துணியால் மறுபடி துடைக்கக்கூடாது, அந்தத் தூசியே கீறும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் குவித்துப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடணும். இதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதணும்.

பிரிக்கிறப்போ மூக்கையும் வாயையும் மூடிக்குங்க. பஞ்சுத்தூசி நெஞ்சுக்கு ஆகாது. குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார வைக்காதீங்க.

சித்திரை பிறந்ததும் படகு கரையேறும், அதனால பங்குனிக்குள்ள மூட்டை தயாராக வேணும். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு கிலோ வெள்ளைத் துணி பிரிச்சுக் கொண்டு வாங்க. ஒரு சொம்புத் தண்ணியோட உட்கார்ந்து சேர்ந்தே பார்த்துடலாம்.