கொழும்பில் தங்க ஓர் இடம்



யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ கொழும்புக்குப் புறப்படுகிறவரைப் பார்த்து ஊரிலுள்ள பெரியவர்கள் முதலிற் கேட்கும் கேள்வி, "தம்பி, என்ன காரியமாகப் போகிறீர்?" என்பதன்று, "எங்கே தங்கப் போகிறீர்?" என்பதே. காரியம் கடவுச்சீட்டாக இருக்கலாம், வைத்தியசாலையாக இருக்கலாம், வழக்காக இருக்கலாம். அது ஒரு நாளில் முடியாது என்பது மட்டும் கேட்பவருக்கும் தெரியும், போகிறவருக்கும் தெரியும். ஆகவே, கைப்பணம் குறைவாக உள்ள ஒருவர் இத்தலைநகரிலே தலை சாய்க்க இடம் தேடும் வகையைப் பற்றிச் சிறிது பேச எண்ணுகிறேன்.

ஐரோப்பாவின் பழைய நகரங்களுக்குச் செல்பவர்கள் சொல்லும் குறை ஒன்றுண்டு. நகரத்தின் நடுவே, பழைய மதில்களும் தேவாலயங்களும் உள்ள பகுதியிலேதான் அறை வாடகை ஆகக் கூடுதல் என்பார்கள். ஏழை மாணாக்கரும் நடந்து ஊர் பார்ப்போரும் தங்குவதற்கென இளைஞர் விடுதி என்னும் ஏற்பாட்டை 1909ஆம் ஆண்டிலே ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் சிந்தித்தார். அதற்கு ஆல்ட்டெனா என்னும் ஊரின் பழங்கோட்டையொன்று இடங்கொடுத்தது. கொழும்பின் கதை சற்று வேறு. கோட்டைக்குள்ளும் கடலோரத்திலும் துரைமாருக்கெனப் பெரிய ஹோட்டல்கள் எழுந்தன. காலிமுகத்திடல் ஹோட்டல் 1864ஆம் ஆண்டையும், துறைமுகத்துக்கு எதிரேயுள்ள கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் 1875ஆம் ஆண்டையும் சேர்ந்தவை. ஆனால் கோட்டைக்கு வெளியே, ஒல்லாந்தர் காலத்திலேயே குடியேறிய பழைய நகரம், புறக்கோட்டையென்றும் செட்டியார் தெருவென்றும் கொட்டாஞ்சேனையென்றும் பெயர் பெற்று, ஏழைக்கும் எளியவனுக்கும் இடங்கொடுத்து வந்திருக்கிறது. பழைமை மிக்க இடமும் மலிவான இடமும் இங்கே ஒன்றாகவே அமைந்துவிட்டன.

கொட்டாஞ்சேனைப் பக்கம் போய்ப் பாருங்கள். 1757ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் திறந்து வைத்த வுல்வெண்டால் தேவாலயம் மேட்டிலே நிற்கிறது. சற்றே நடந்தால், பொன்னம்பல முதலியார் 1856ஆம் ஆண்டளவில் நிறுவி, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பின்னர் கருங்கல்லாற் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் கோயில். விவேகானந்தா மேட்டில் விவேகானந்த சபை. புனித லூசியாவின் பெருங்கோயில். செட்டியார் தெருவில் கதிரேசன் கோயில்களும் நகைக்கடைகளும். இத்தனைக்கும் இடையில், கடைகளின் மேல்மாடிகளில், ஒருவர் ஏறினால் மற்றவர் இறங்க முடியாத ஒடுங்கிய படிக்கட்டுகளின் உச்சியில் லொட்ஜ்கள் இருக்கின்றன. ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, சுவரில் ஓர் ஆணி. அந்த ஆணியின் அருமை, வேட்டியையும் சட்டையையும் மறுநாள் கந்தோருக்குப் போகுமளவுக்குக் கசங்காமல் வைத்திருக்க வேண்டியவருக்கே தெரியும்.

வெள்ளவத்தையின் வரலாறு இன்னொரு விதமானது. அங்கே முதலில் வந்தவர்கள் ஒரு நாள் தங்க வந்தவர்களல்லர். அரசாங்க சேவையிலும் வர்த்தக நிலையங்களிலும் எழுதுவினைஞராக உத்தியோகம் பெற்று வந்த இளைஞர்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையலுக்கு ஓர் ஆளையும் வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். இதற்குச் 'சமறி' என்று பெயர். ஆங்கிலேய உத்தியோகத்தரின் வழக்கிலிருந்து வந்த சொல். நம்மவர் நாவிற் புரண்டு நம்முடையதாகிவிட்டது. மாத முடிவிலே அரிசிக்கணக்கும் விறகுக்கணக்கும் தலைக்கு இவ்வளவென்று பிரிக்கப்படும். ஊரிலிருந்து யாராவது வந்தால் விறாந்தையிலே ஒரு பாய் விரிக்கப்படும். அவருக்கு வாடகை கிடையாது, சாப்பாட்டுப் பங்கு மட்டும் உண்டு. பல குடும்பங்களிலே முதலில் உத்தியோகத் தேர்வெழுத வந்தவர் அந்தப் பாயிலே படுத்தெழுந்தவர்தாம். 1956ஆம் ஆண்டு ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின் அந்தப் பாய்க்கு ஓய்வே இல்லாமற் போயிற்று என்று முதியவர்கள் சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு.

1983ஆம் ஆண்டு ஜூலையிலே வெள்ளவத்தையின் வீடுகள் பல எரிந்தன, சமறிகளும் சிதறின. அதன்பின் யுத்த காலத்திலே வடக்கிலும் கிழக்கிலுமிருந்து கொழும்புக்கு வந்தவர்களுக்கு விறாந்தையும் பாயும் போதவில்லை. புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் லொட்ஜ்கள் பெருகின. பிரயாணிக்கு இராத்தங்கலாக இருந்த அறை, விசாவுக்காக மாதக்கணக்கிலே காத்திருப்பவருக்கு வீடாகியது. மண்ணெண்ணெய் அடுப்பு கட்டிலுக்குக் கீழே வந்தது. பிள்ளையின் பாடப்புத்தகம் சன்னலோரத்தில் வந்தது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் விடுதல் தகாது. 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி அதிகாலையிலே, இப்பகுதிகளின் லொட்ஜ்களிலே தங்கியிருந்த தமிழர் 376 பேர் பொலிஸாரால் எழுப்பப்பட்டு, பஸ்களில் ஏற்றப்பட்டு, வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். தகுந்த காரணமின்றிக் கொழும்பிலே தங்கியிருப்போர் என்று அவர்களைப் பற்றிக் கூறப்பட்டது. தகுந்த காரணம் என்பது யாது? வைத்தியர் அடுத்த வாரம் வரச்சொல்லியிருக்கிறார். தூதரகத்திலிருந்து கடிதம் வரவில்லை. வேலைக்கு எழுதிப் போட்ட விண்ணப்பத்துக்கு விடையில்லை. காத்திருப்பதே அவர்களுடைய காரணம். அதற்குச் சான்றிதழ் கொடுப்பார் யாருமில்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. மறுநாளே, ஜூன் 8ஆம் திகதி, இவ்விதம் வெளியேற்றுவதைத் தடுத்து நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. அன்றைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க அரசாங்கத்தின் சார்பிலே வருத்தந் தெரிவித்தார். இலங்கைக்குள் எங்கும் நடமாடவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் பிரஜைக்குள்ள சுதந்திரம் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையிலே எழுதப்பட்டிருக்கிறது. அதன் மெய்யான அளவு, ஒரு லொட்ஜ் அறையின் நீள அகலந்தான் என்று அன்று பலருக்கு விளங்கியது. தலைநகரிலே கந்தோர்களை வைத்துக்கொண்டு, அங்கே வருபவர் தங்கலாகாது என்றால், அக்கந்தோர்கள் யாருக்காக இருக்கின்றன?

இனி, இன்று இடம் தேடுகிறவருக்குச் சில வார்த்தைகள். வாடகையை முதலிற் கேளாதீர்கள். காரியம் நடக்கும் இடத்தை முதலில் நினையுங்கள். புதுக்கடை நீதிமன்றத்திலே வழக்கென்றால் கொட்டாஞ்சேனையோ புறக்கோட்டையோ நடந்து போகும் தூரம். மகரகமை புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து 112ஆம் இலக்க பஸ் நேராகவே போகும். ஆயினும் நோயாளி மெலிந்தவரானால் மகரகமையிலேயே ஓர் அறை தேடுதல் நன்று, பஸ் நெரிசலிலே அவரை இரு முறை வாட்டுவதால் மிச்சப்படும் பணம் மிச்சமன்று. கொள்ளுப்பிட்டி, கறுவாத்தோட்டப் பகுதித் தூதரகங்களுக்கு வெள்ளவத்தை வசதி. காலி வீதியிலே 100ஆம், 101ஆம் இலக்க பஸ்கள் இடைவிடாமல் ஓடுகின்றன. கடவுச்சீட்டுக் கந்தோர் பத்தரமுல்லைக்குப் போய்விட்டதை மறந்து, பழைய நினைவிலே மருதானைக்குப் போய் நிற்பவர்கள் இன்னும் உண்டு.

அடுத்து, நாட்கணக்கு. இரவுப் புகையிரதத்திலோ பஸ்ஸிலோ வருபவர் விடியுமுன்னே வந்திறங்குகிறார். சில விடுதிகளில் வந்த நேரத்திலிருந்து இருபத்துநான்கு மணி ஒரு நாள். சிலவற்றில் நண்பகலோடு நாள் முடியும். பின்னைய கணக்கிலே, காலை ஐந்து மணிக்கு வந்தவருக்குப் பன்னிரண்டு மணிக்குள் ஒரு நாள் வாடகை தீர்ந்துபோகும். பையைக் கீழே வைக்கும் முன்னரே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாடகை அறைக்கா, ஆளுக்கா என்பதையும் கேளுங்கள். குழாயைத் திறந்து பாருங்கள். மேல்மாடியிலே காலை ஏழு மணிக்குத் தண்ணீர் வருகிறதா என்பதை முதலாளியிடமல்ல, பக்கத்து அறைக்காரரிடம் கேட்டறிவது நலம். வெள்ளவத்தையிலே கடற்பக்க ஒழுங்கைகள் காற்றோட்டமானவை. ஆனால் தண்டவாளம் அவ்வொழுங்கைகளின் முடிவிலேயே கிடக்கிறது. ஒவ்வொரு வண்டிக்கும் சன்னல் அதிரும். உப்புக்காற்றிலே பூட்டுகள் துருவேறிப் பாதியிலே நின்றுவிடும். நுளம்புவலை கேளுங்கள், இல்லையென்றால் சுருளாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

அடையாள அட்டையைக் கேட்டு விடுதிக்காரர் பதிவுப் புத்தகத்தில் எழுதினாற் சினங்கொள்ள வேண்டாம். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்த அதே நாளிலே, தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்கு அருகேயிருந்த ஒரு சிறு விடுதியிலும் குண்டு வெடித்தது. யார் என்று கேட்பது வேறு. ஏன் இங்கே இருக்கிறாய் என்று கேட்பது வேறு. முன்னையதற்கு விடை சொல்லுங்கள், அட்டையை மட்டும் கையில் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள்.

இப்போது வெள்ளவத்தையிலே புதிய இடர்ப்பாடொன்று. பழைய வீடுகள் இடிந்து அடுக்குமாடிகளாகியிருக்கின்றன. அங்கே நாள்வாடகைக்கு வீடுகள் கிடைக்கின்றன. கனடாவிலும் இலண்டனிலுமிருந்து விடுமுறைக்கும் கலியாணத்துக்கும் வருகிற உறவினர் வெளிநாட்டு நாணயத்திலே கணக்குப் பார்ப்பதால் அவர்களுக்கு அவ்வாடகை மலிவு. முல்லைத்தீவிலிருந்து கண் பரிசோதனைக்கு வந்த தாய்க்கு அது மலைப்பு. ஆகஸ்ட் விடுமுறையிலும் ஆடிவேல் காலத்திலும் நல்ல அறை அகப்படுவது அரிது. ஆடிவேல் இரதம் செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கு வருவதைக் காண வருபவர்கள் முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும். மற்றையோர் அந்நாட்களைத் தவிர்க்கலாம். அல்லது கொட்டாஞ்சேனைப் படிக்கட்டுகளையே ஏறலாம்.

திரும்பும் நாளிலே காரியம் மாலைக்குள் முடிந்துவிடுமானால், அவ்விரவுக்கு அறை வேண்டியதில்லை. வடக்கே போகும் பஸ்கள் பல இரவிலே வெள்ளவத்தைக் காலி வீதியோரத்திலேயே ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்படுகின்றன. நண்பகலில் அறையை ஒப்படைத்துவிட்டு, பையை முதலாளியின் மேசைக்குக் கீழே வைத்துச் செல்ல அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.