முதுமையில் காலடி காத்தல்

(சங்க ஆண்டு விழாவையொட்டி நடந்த முதியோர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



‘அடி’ என்னும் சொல் காலுக்கும் பெயர். கால் படும் காயத்திற்கும் பெயர். இலக்கணம் வல்லார் இதனைப் பலபொருள் ஒருசொல் என்று கூறி அமைவர். அறுபதைக் கடந்தவர்களுக்கோ அவ்விரு பொருள்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே வருகின்றன. யாம் மருத்துவர் அல்லோம். இந்நகரின் கமர்சியல் தெருவில் ஒரு செருப்புக் கடையில் முப்பது ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்ந்தோம். சரக்கு ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் வரும். கால்களோ எல்லாத் திசைகளிலிருந்தும் வரும். ஆயினும் இப்பொருளை எமக்குக் கற்பித்தது கடை அன்று. எம் தமையனாரின் கால்.

அவருக்கு நெடுநாளாக நீரிழிவு. ஒரு நாள் சிவாஜி நகர்ச் சந்தைக்குச் சென்று மீண்டு, மாலையில் காலணியைக் கழற்றினார். உள்ளே ஒரு சிறு கருங்கற்சில்லு, காலுறையெல்லாம் குருதி. நாள் முழுவதும் அதனை மிதித்து நடந்தவர் சிறிதும் நோவு அறியவில்லை. “நோகவில்லையே, பிறகென்ன?” என்று துடைத்துவிட்டுப் படுத்துவிட்டார். யாமும் வாளா இருந்தோம். மூன்றாம் வாரத்தில் இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது. அத்தனை ஆண்டுகள் செருப்பின் நடுவே வாழ்ந்த யாம், அவர் காலணியை ஒரு முறையேனும் கவிழ்த்து உதறிப் பார்த்ததில்லை. அந்தக் குறை இன்றும் எம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

நோவின்மையே நோய் என்னும் இவ்வுண்மையை உலகுக்கு எடுத்துக் காட்டியவர்களுள் ஒருவர் நம் கொல்லிமலையிற் பிறந்தவர் என்பதைப் பின்னரே அறிந்தோம். டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் அம்மலையிற் பிறந்த ஆங்கிலேயர். 1946-இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளரிடையே பணிபுரிந்தார். அந்நோயாளரின் விரல்கள் தாமே அழுகி உதிர்வன என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. அவரோ, உணர்ச்சி மரத்த கால் தான் பட்ட காயத்தை அறியாமல் மேலும் மேலும் நடப்பதே அழிவுக்குக் காரணம் என்று கண்டார். அத்தகைய கால்களுக்கென மெத்தென்ற நுண்ணறை ரப்பர் அடித்தட்டு வைத்த செருப்புகள் அப்பகுதியில் உருவாயின. 1966-இல் அவர் அமெரிக்கா சென்றபின், அதே அறிவு நீரிழிவுக் கால்களுக்கும் பயன்பட்டது. இன்றும் ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று கேட்டு வாங்குகிறோமே, அது அந்த ரப்பரின் பெயரே.

ஆதலின் நீரிழிவு உடையோர் நாள்தோறும் இரவில் ஒரு முறை உள்ளங்காலைப் பார்த்தல் வேண்டும். குனிய இயலாதார் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன்மேல் காலைக் காட்டலாம். பேரப்பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லச் சொல்லலாம். வெந்நீரின் சூட்டைக் காலால் அறிய முற்படாதீர்கள். முழங்கையை நனைத்துப் பாருங்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும் மருந்து ஒட்டுப் போடுவதும் ஆகா. நண்பகலில் கோயில் வெளிப்பிராகாரத்துக் கருங்கல்லில் வெறுங்காலோடு வலம் வருதல் மரத்த காலைச் சுட்டுவிடும்; காலை வேளையில் சென்றால் இறைவன் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

இனி, உணர்ச்சி குன்றாத கால்களின் செய்தி. ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. அவற்றைப் பிணித்து நிற்கும் நார்களுள் கணுக்காலின் வெளிப்புறத்தில் உள்ளவை மெல்லியவை. பாதம் உட்புறமாக மடங்கும்போது முதலில் அறுவன அவையே. நம் பெங்களூரோ கணுக்காலைச் சோதிப்பதற்கென்றே அமைந்த ஊர் போலும்! பல தெருக்களில் நடைபாதை என்பது மழைநீர்க் கால்வாயின் மேல் அடுக்கிய கற்பலகைகளே. ஒரு பலகை ஆடும், ஒன்று விலகியிருக்கும், ஒன்று இராது. நிழல் தரும் தூங்குமூஞ்சி மரங்களின் வேர் மற்றொருபுறம் கல்லைத் தூக்கும். செப்டம்பர், அக்டோபர் மாத மழையில் நீர் தேங்கிவிட்டால் எது பள்ளம், எது பலகை என்பது தெரியாது. தேங்கிய நீரில் அடி வைப்பதைவிடச் சுற்றிப்போவதே மேல். லால்பாக்கின் பெரும்பாறை ஏறத்தாழ முந்நூறு கோடி ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறது. மழைநாளில் ஏறாவிட்டால் மறுநாளும் அங்கேயே இருக்கும். அல்சூர் ஏரியருகில் 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலையை அண்ணாந்து தொழுவோர் நின்று தொழுக. நடந்துகொண்டே தொழுதல் வேண்டா.

வீட்டினுள்ளும் இடர் குறைவன்று. ஈரக் குளியலறை, நிலைப்படி, ஓரம் சுருண்ட மிதியடி, இரவில் விளக்கேற்றாது எழுந்து செல்லும் வழக்கம் ஆகியவை போதும். வேட்டியும் புடவையும் கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும். இருபார்வைக் கண்ணாடி அணிவோர் படி இறங்குகையில் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியே நோக்கின் படி மங்கித் தோன்றும். தலையைச் சற்றே தாழ்த்தி மேற்பகுதியால் நோக்குக.

செருப்பைப் பற்றி எமக்கு ஓர் உரிமை உண்டு, சற்று விரித்துரைப்போம். முதுமையில் பாதம் அகலும், நீளும். இருபது ஆண்டுக்கு முந்திய அளவைச் சொல்லிச் செருப்புக் கேட்டவர்களை நாள்தோறும் கண்டோம். “எனக்கு ஏழு தான் தம்பி” என்று வழக்காடி, விரல் நெரிய வாங்கிச் சென்ற அம்மையார்கள் பலர். மாலையில் கால் சற்றே வீங்கியிருக்கும்போது, நின்ற நிலையில் அளவு பாருங்கள். நீண்ட விரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஹவாய்ச் செருப்பு குளியலறை வாயிலோடு நிற்கட்டும். விரலால் கவ்விக்கொண்டு நடக்கும் செருப்பு, கால் இடறும்போது துணை நில்லாது. குதிகாலைப் பிடிக்கும் வார் உள்ளதும், அடி தேயாததும் ஆகியதே வெளியில் செல்லத் தக்கது.

இத்தனையும் செய்து, சுளுக்கிக்கொண்டால்? நம்மவர் உடனே எண்ணெயைத் தடவி உருவத் தொடங்குவர். முதல் இரண்டு நாள் உருவுதல் வீக்கத்தைப் பெருக்கும். எலும்பு முறிந்திருந்தால் கேட்கவே வேண்டா. துணியிற் சுற்றிய பனிக்கட்டி, இறுகாத கட்டு, தலையணை மேல் உயர்த்திய கால், இவையே முதலுதவி. கானடா நாட்டு மருத்துவர் 1992-இல் ஓர் எளிய விதியை வெளியிட்டனர்: நான்கு அடி எடுத்து வைக்க இயலாவிடினும், கணுக்கால் முட்டியின் பின்விளிம்பை அழுத்தும்போது எலும்பிலேயே நோவு தோன்றினும் எக்ஸ்-ரே எடுத்தல் வேண்டும். எலும்பு மெலிந்த முதியோரும், உணர்ச்சி குன்றியோரும் இவ்விதிக்குக்கூடக் காத்திராமல் எடுத்துவிடுதல் நன்று. புத்தூருக்குச் சென்று கட்டுப் போடத் துணிந்தோரும் முதலில் படத்தை எடுத்துக்கொண்டு புறப்படுக.

காயம் வாராமற் காக்கும் வழிகளுள் செலவில்லாதது ஒன்று உண்டு. சன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு குதிகால்களை மெல்ல உயர்த்தி, மெல்ல இறக்குக, பத்து முறை. பின்னர், கை கம்பியருகே இருக்க, ஒற்றைக்காலில் பத்து விநாடி நிற்க. இத்தகைய சமநிலைப் பயிற்சிகள் முதியோர் விழுதலை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியிட்டுள்ளனர். எம் தமையனாரும் எஞ்சிய விரல்களோடு நாள்தோறும் இதனைச் செய்கிறார். இதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார், நடந்தே வந்தார்.

கூட்டம் முடிந்ததும் தாழ்வாரத்தில் வெள்ளைத் தாளும் பென்சிலும் வைத்திருக்கிறோம். தாளின்மேல் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடிட்டு, அணிந்து வந்த செருப்பை அக்கோட்டின்மேல் வையுங்கள். கோடு செருப்புக்கு வெளியே தெரிந்தால் எம்மிடம் வாருங்கள். என்ன அளவு வாங்க வேண்டும் என்று எழுதித் தருவோம். குனிய இயலாதார்க்கு நாற்காலியும் உண்டு. கோட்டினை யாமே இடுவோம்.