வீட்டுக் கணக்கையும் பாருங்கள்!



கல்லாவை எண்ணாமல் கடையைப் பூட்டும் வியாபாரி உங்களில் யாராவது உண்டா? எவ்வளவு சரக்கு இருக்கிறது, யாரிடம் எவ்வளவு பாக்கி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவீர்கள். ஆனால், கர்ப்பமாக இருக்கும் உங்கள் மனைவிக்கு இரத்த அழுத்தம் எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்டால் எத்தனை பேர் பதில் சொல்வீர்கள்? "அதெல்லாம் பொம்பளைங்க விஷயம், உம்மா பார்த்துக்குவாங்க" என்று நழுவிவிடுகிறவர்கள்தான் அதிகம். இந்த அலட்சியத்தால் தாயும் சேயும் பலியாகும் கொடுமையைச் சொல்லவே இந்தத் தலைப்பை எடுத்துக் கொண்டேன்.

மூன்று மாதத்திற்குள் முதல் பரிசோதனை

நாள் தள்ளிப்போனது தெரிந்தால் மூன்று மாதத்திற்குள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருத்துவமனையிலோ பதிவு செய்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்த சோகை. 7-க்குக் கீழே போனால் பெரும் ஆபத்து. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 100-க்கு 52 பேருக்கு இந்தக் குறை இருக்கிறது. இலவசமாகக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையோ பல வீடுகளில் அலமாரியில் தூங்குகிறது! மற்றவர்கள் தாங்கிக் கொள்ளும் பிரசவ இரத்தப்போக்கை இரத்தமில்லாத உடம்பு தாங்குமா?

சிறுநீரில் கிருமி இருந்தும் தொல்லை தெரியாமலிருக்கலாம். கவனிக்காவிட்டால் அது சிறுநீரகத்திற்குப் பரவி, குறைப்பிரசவம் வரை கொண்டு போகும்.

மனைவியின் இரத்தம் நெகட்டிவ் வகையா? உடனே உங்கள் இரத்த வகையையும் பாருங்கள். உங்களுடையது பாசிட்டிவ் என்றால் 28-வது வாரத்தில் ஒரு 'ஆன்டி டி' ஊசியும், குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்திற்குள் மற்றொன்றும் போட வேண்டும். தவறினால் அடுத்த குழந்தைக்கு ஆபத்து.

மானப் பிரச்சினை அல்ல

எய்ட்ஸ் கிருமி, மேகப்புண், மஞ்சள் காமாலை 'பி' ஆகியவற்றுக்குச் சோதனை என்றதும் சிலர் கொதிக்கிறார்கள். "எங்க வீட்டுப் பொண்ணுக்கு எதுக்கு இது?" என்கிறார்கள். சகோதரர்களே! இது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்யும் சோதனை. சுத்தமில்லாத ஊசியிலும் நோய் வரும், கணவனிடமிருந்தும் வரும். ஆகவே நீங்களும் சோதித்துக் கொள்ளுங்கள்.

பிரசவ நேரத்தில் 'பி' கிருமி தொற்றிய குழந்தைகளில் 100-க்கு 90 பேருக்கு அது நாள்பட்ட நோயாகத் தங்கிவிடுகிறது. முன்பே தெரிந்தால் பிறந்த 24 மணி நேரத்திற்குள் தடுப்பூசியும், அதனுடன் இம்யுனோகுளோபுலின் ஊசியும் போட்டுக் காப்பாற்றலாம். மேகப்புண்ணுக்குப் பென்சிலின் இருக்கிறது. எய்ட்ஸ் கிருமி உள்ள தாய் மருந்து சாப்பிட்டால், குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பை 100-க்கு 5-க்கும் கீழே குறைத்துவிடலாம். மருந்து இருந்தும் வெட்கத்தால் ஒரு குழந்தையை நோயாளி ஆக்குவது நியாயமா?

சர்க்கரையும் இரத்த அழுத்தமும்

75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது சர்க்கரை 140-ஐத் தொட்டால் அது கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை. நம் சென்னை டாக்டர் வி. சேஷய்யா பரப்பிய எளிய முறை இது. முதல் தடவை சரியாக இருந்தாலும் 24-28 வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

ஐந்து மாதத்திற்குப் பிறகு இரத்த அழுத்தம் 140/90-ஐ எட்டினாலோ, கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம் கண்டாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். காத்துக்கருப்பு என்று தாயத்துக் கட்டிக் கொண்டிருந்தால் வலிப்பு வந்துவிடும். மக்னீசியம் சல்பேட் ஊசி இந்த வலிப்பு அபாயத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்று 2002-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. ஆனால் ஊசி வீடு தேடி வருமா? நாம்தான் போக வேண்டும்.

அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம்

"அவர் துபாயில் இருக்கிறார், கேட்டுச் சொல்கிறோம்" என்று ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடாமல் காத்திருக்கும் நிமிடங்களில் உயிர் போய்விடும். வெளிநாட்டில் இருப்பவர்களே! வியாபாரத்திற்காக ஊர் ஊராகச் செல்பவர்களே! முடிவெடுக்கும் பொறுப்பை வீட்டிலிருப்பவர்களிடம் இன்றே ஒப்படையுங்கள். செலவுக்குப் பணத்தையும் வைத்துவிடுங்கள்.

பெண் டாக்டரை முன்கூட்டியே தேடி வையுங்கள். அவசரத்தில் கிடைக்காவிட்டால் ஆண் டாக்டர் பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. நிர்ப்பந்தத்திற்குச் சலுகை உண்டு. ரமளானிலும் அப்படித்தான். கர்ப்பிணி நோன்பைப் பிற்படுத்திக் கொள்ள மார்க்கம் அனுமதித்திருக்க, மாமியார் என்ன சொல்வாரோ என்று பட்டினி கிடக்க விடலாமா?

இளைஞர்களே! உங்களுக்கும் வேலை இருக்கிறது. தெருவாரியாக இரத்த வகைப் பட்டியல் எடுங்கள். நள்ளிரவில் அழைத்தாலும் இரத்தம் கொடுக்க ஓடிவரும் பத்துப் பேரைத் தயார் செய்யுங்கள்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் மனைவியின் பரிசோதனை அட்டையை வாங்கிப் படியுங்கள். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ, அந்தச் சோதனைக்கு நாளைக் காலையே நீங்களே அழைத்துச் செல்லுங்கள். கடையை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.