பைக்குள் பாட்டு

கிராமபோன் பெட்டியைக் கூடத்தில் வைத்து, சாவி கொடுத்து, வீட்டார் அனைவரும் சுற்றி அமர்ந்து பாட்டுக் கேட்ட காலம் ஒன்று உண்டு. பாட்டு இருக்குமிடத்தை நாடி நாம் செல்லவேண்டும் என்பதே அன்றைய முறை. 1979 ஆம் ஆண்டு ஜப்பானில் ஸோனி நிறுவனத்தார் வாக்மன் என்னும் சிறு பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். பாட்டு நம்முடன் கூடவே நடக்கத் தொடங்கிற்று. 1998 இல் ஒலிநாடாவும் வேண்டாத கருவிகள் தோன்றின. அவ்வாண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ரியோ என்ற கருவியின் நினைவகம் 32 மெகாபைட். சுமார் அரைமணி நேரப் பாட்டுத்தான் அதில் கொள்ளும். மூன்றே ஆண்டுகளில், 2001 அக்டோபரில், ஆப்பிள் நிறுவனத்தார் ஐபாடை அறிமுகம் செய்து, ஆயிரம் பாட்டுக்களைச் சட்டைப் பையில் எடுத்துச் செல்லலாம் என்றனர்.

ஆயிரம் பாட்டுக்கள் பைக்குள் அடங்கும் என்பது மெய்தான். ஆனால் அவை பைக்குள் போய்ச் சேரும் வழி அத்தனை நேரானதன்று. அந்த வழியைப் பற்றியே இன்று சிறிது பேச விரும்புகிறேன்.

வாக்மனில் நாடாவைப் போட்டு மூடினால் போதும். புதிய கருவிக்கோ ஒரு கணிப்பொறி வேண்டும். இரண்டையும் இணைக்கும் கம்பி வேண்டும். இவற்றிற்கு நடுவே தரகர் போன்று ஒரு மென்பொருளும் வேண்டும். கருவியை விலை கொடுத்து வாங்கியது நான், கணிப்பொறியும் என்னுடையது, பாட்டும் என்னுடையது. ஆயினும் தரகர் தலையசைத்தாலன்றி ஒரு பாட்டும் இடம் பெயராது.

இதை நான் அனுபவித்தே அறிந்தேன். என் அன்னை மேடையேறிப் பாடியவர் அல்லர். மார்கழி விடியலில் கோலமிடும்போதும், பேரக் குழந்தைகளைத் தொட்டிலில் இட்டு ஆட்டும்போதும் பாடியவர். அவர் பாடியவற்றை என் தமையனார் மூன்று ஒலிநாடாக்களில் பதிவு செய்திருந்தார். 2006 ஆம் ஆண்டு, டில்லியில் வேலைக்கு வந்த புதிதில், முதற் சம்பளங்களில் மிச்சம் பிடித்து ஒரு கருவி வாங்கினேன். நண்பர் ஒருவரின் உதவியால் நாடாக்களைக் கணிப்பொறியில் ஏற்றி, அங்கிருந்து கருவிக்கு மாற்றினேன்.

முதல் தொல்லை அப்போதே தொடங்கிற்று. பாட்டின் பெயர் என்ன, கலைஞர் யார், எந்த இசைத்தட்டுத் தொகுப்பைச் சேர்ந்தது என்று மென்பொருள் கேட்டது. தமிழில் எழுதினேன், கருவியின் திரையில் வரிசையாக வினாக்குறிகள் தோன்றின. காரணத்தைப் பின்னர் அறிந்தேன். பாட்டுக் கோப்பின் இறுதியில் விவரங்களைக் குறிக்கும் பழைய முறையில் தலைப்புக்கு 30 பைட் இடமே உண்டு. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழுக்கோ, இன்று பெருவழக்கிலுள்ள யூனிகோட் முறையில், ஒவ்வொரு குறியீட்டிற்கும் மூன்று பைட் வேண்டும். ‘கி’ என்ற ஓரெழுத்தே இரண்டு குறியீடுகளால் ஆனது. பிற்காலத்து முறைகள் பிறமொழி எழுத்துக்களுக்கு இடமளித்தன. எனினும் பல கருவிகள் அவற்றைப் படிக்கக் கற்கவில்லை. சலிப்புற்று அந்த இடங்களை வெறுமையாக விட்டேன். என் அன்னை ‘பெயர் தெரியாத கலைஞர்’ என்ற பட்டியலில் சேர்ந்தார். அன்று அதை எண்ணிச் சிரித்தேன்.

2009 இல் அன்னை காலமானார். மறு ஆண்டு கணிப்பொறியின் வட்டு பழுதாயிற்று. பாட்டுக்கள் கருவியில் பத்திரமாக இருக்கின்றன என்ற துணிவில் நான் கவலை கொள்ளவில்லை. புதிய கணிப்பொறியை வாங்கிக் கருவியை அதனுடன் இணைத்தேன். இக்கருவி வேறொரு கணிப்பொறியைச் சேர்ந்தது. இதிலுள்ளவற்றை அழித்து ஒத்திசைக்கலாமா என்று திரையில் ஒரு கேள்வி எழுந்தது. மொழிபெயர்ப்பு என் தொழில். நாளெல்லாம் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்ப்பவள் நான். அன்றோ ‘ஒத்திசைத்தல்’ என்ற இனிய சொல்லில் மனம் வைத்து, அதற்கு முன் நின்ற ‘அழித்து’ என்ற சொல்லைக் கடந்துவிட்டேன். ‘ஆம்’ என்றேன். புதிய கணிப்பொறியில் ஒரு பாட்டும் இல்லை. அரை நிமிடத்தில் கருவியிலும் ஒரு பாட்டும் இல்லாமற் போயிற்று.

ஒத்திசைவு என்றால் என்ன? கடைக்காரர் ஒரு பேரேடு வைத்திருக்கிறார். நம்மிடம் ஒரு கைப்புத்தகம் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு, இதில் விட்டதை அதிலும், அதில் விட்டதை இதிலும் எழுதிக்கொள்வதே ஒத்துப் பார்த்தல் என்று நாம் நினைப்போம். இம்மென்பொருளோ பேரேட்டில் இல்லாததை எல்லாம் கைப்புத்தகத்திலிருந்து அடித்துவிடும். கணிப்பொறியே தலைமை, கருவி வெறும் நிழல்.

இப்படி அமைத்ததற்குக் காரணமும் உண்டு. கருவியிலிருந்து பாட்டுக்களை வெளியே எடுக்க எளிய வழி இருந்தால், ஒருவர் வாங்கியதை ஊரார் அனைவரும் இலவசமாகப் படியெடுத்துக்கொள்வர் என இசைத்தட்டு நிறுவனங்கள் அஞ்சின. அந்த அச்சம் பொருளற்றதன்று. ஆனால் கள்வனுக்கென்று போட்ட பூட்டு வீட்டுக்காரரையே வெளியில் நிறுத்திய நிகழ்ச்சிகள் பல. மைக்ரோஸாஃப்ட் நிறுவனத்தின் எம்.எஸ்.என். மியூஸிக் என்னும் கடை 2006 இல் பாட்டு விற்பனையை நிறுத்தியது. விற்ற பாட்டுக்களுக்கு இனித் திறவுகோல் வழங்குவதற்கில்லை என்று 2008 இல் அறிவித்தது. கணிப்பொறியை மாற்றியவருக்கு, விலை கொடுத்து வாங்கிய பாட்டே ஊமையாகிவிடும் நிலை. எதிர்ப்பு எழுந்த பின்னரே கெடுவை 2011 இன் இறுதிவரை நீட்டித்தனர். 2009 இல் ஆப்பிள் நிறுவனத்தார் தம் கடையில் விற்ற பாட்டுக்களின் பூட்டை நீக்கியது வரவேற்கத்தக்க செயல்.

ஐபாடின் கடைசி வகையும் 2022 இல் நிறுத்தப்பட்டது. இப்போது தொலைபேசியே பாட்டுப் பெட்டி. பலர் பாட்டை வாங்குவதே இல்லை; மாதச் சந்தா கட்டிக் கேட்கிறார்கள். சந்தா நின்றால் பாட்டும் நிற்கும். இது குறையன்று, வாடகை வீட்டில் குடியிருப்பதைப் போன்றது. ஆனால் வாடகை வீட்டில் புதையலைப் புதைத்து வைக்கலாகாது. கடையில் கிடைக்கும் பாட்டு தொலைந்தால் மீண்டும் பெறலாம். வீட்டாரின் குரல் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. அத்தகைய பதிவுகளைச் சாதாரணக் கோப்புகளாக, இரண்டு மூன்று இடங்களில் தனித்தனியே வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து கேட்டுப் பாருங்கள். திரை ஏதேனும் கேட்டால், விடை சொல்லுமுன் அதிலுள்ள வினைச்சொற்களை எல்லாம் படியுங்கள்.

மூன்று நாடாக்களில் இரண்டு, ஊரிலுள்ள வீட்டுப் பரணில் பூசணம் பிடித்துப் பாழாகியிருந்தன. ஒன்றை என் தமையனார் தம் பீரோவில் வைத்திருந்தார். அதில் தாலாட்டுகள் மட்டும் உள்ளன. மார்கழிப் பாட்டுக்கள் இல்லை. அதை மீண்டும் கணிப்பொறியில் ஏற்றி, மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றைத் தமையனாருக்கு அனுப்பினேன். இப்போதைய கருவிகள் தமிழைப் படிக்கின்றன. ‘கலைஞர்’ என்ற இடத்தில் என் அன்னையின் பெயரை எழுதியிருக்கிறேன்.